பாப்பாவுக்கு இப்போது உப்புதான் அவசரம்

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கம். என் பெயரைப் போட வேண்டாம். எனக்கு 24 வயது. கணவர் என் சொந்த அத்தை மகன். முதல் குழந்தை பிறந்து இன்றோடு 52 நாள் ஆகிறது. பிரசவ அறையில் என்ன குழந்தை என்று கேட்டேன். "டாக்டர் வந்து சொல்வாங்க" என்று சொல்லி நர்ஸ் துணியைச் சுற்றிவிட்டார். அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பார்த்தால் பெண் மாதிரியும் இல்லை, ஆண் மாதிரியும் இல்லை. முன்னால் சின்னதாக நீட்டிக்கொண்டிருக்கிறது, விதை இல்லை.

பன்னிரண்டாம் நாள் பால் குடிக்காமல் வாந்தி எடுத்துத் துவண்டுவிட்டது. ஐசியூவில் ஒன்பது நாள். ரத்தத்தில் உப்பு குறைந்து பொட்டாசியம் ஏறிவிட்டது, அட்ரினல் சுரப்பியில் பிறவிக் கோளாறு, 'சிஏஹெச்' என்றார்கள். குரோமோசோம் எக்ஸ்எக்ஸ், உள்ளே கர்ப்பப்பை இருக்கிறது, பெண் குழந்தைதான் என்று எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரை கொடுத்து வருகிறோம்.

இப்போது வேறொரு தனியார் மருத்துவமனையில் காட்டியபோது, "ஒரு வயதுக்குள் ஆபரேஷன் செய்து சரிபண்ணிவிட்டால் குழந்தைக்கு ஞாபகமே இருக்காது. தமிழ்நாட்டில் அரசாணை இருப்பதால் இங்கே செய்ய மாட்டோம், பக்கத்து மாநிலத்தில் தெரிந்த இடம் இருக்கிறது" என்கிறார் சர்ஜன். மாமியாரோ, "எப்படியும் செலவுதானே, ஆம்பளைப் பிள்ளையாகவே ஆக்கித் தரச் சொல்லு" என்கிறார். கணவர் பேசுவதே இல்லை. பாப்பா திருநங்கையா என்று நாத்தனார் கேட்கிறாள். ஆபரேஷன் செய்யலாமா? அவளுக்குக் கல்யாணம், குழந்தை எல்லாம் நடக்குமா? சொந்தத்தில் கட்டிக்கொண்டதால் வந்த வினையா? ஊர் கேட்டால் என்ன சொல்வது?

பதில்:

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆபரேஷனைப் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதியிருக்கிறீர்கள். மாத்திரையைப் பற்றி ஒரே வரி. குழந்தைகளின் ஹார்மோன் கோளாறுகளைப் பார்க்கும் டாக்டர் என்ற முறையில் எனக்குப் பதற்றம் தருவது அந்த ஒரு வரிதான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வீட்டில் ஹைட்ரோகார்டிசோன் ஊசி மருந்து வைத்திருக்கிறீர்களா? அதைப் போடத் தெரிந்தவர் வீட்டில் யார்? இந்த இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் கடிதத்தை இங்கேயே மடித்து வைத்துவிட்டு, நாளைக் காலை உங்கள் மருத்துவரிடம் போய் எழுதி வாங்கி வாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி அட்ரினல். உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கும் ஹார்மோன், காய்ச்சலோ அடியோ பட்டால் தாங்க வைக்கும் கார்டிசால், ஆண் தன்மை தரும் ஹார்மோன் கொஞ்சம், மூன்றும் அங்கே சுரக்கின்றன. உங்கள் பாப்பாவுக்கு, அந்த வேலையைச் செய்யும் ஒரு நொதி பிறவியிலேயே சரியாக இல்லை. வயலுக்கு மூன்று வாய்க்கால் போகிறது, இரண்டில் அடைப்பு என்றால் தண்ணீர் என்ன செய்யும்? மூன்றாவதில் கரை புரளும். உப்பும் கார்டிசாலும் இல்லாமல் போய், ஆண் ஹார்மோன் மட்டும் வயிற்றிலிருந்தபோதே நிறையச் சுரந்திருக்கிறது. ஏழெட்டு வாரக் கருவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வெளியுறுப்பு ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரே மொட்டு, ஹார்மோனைப் பொறுத்து ஒரு பக்கமாக வளரும். பாப்பாவுக்கு அது நடுவழியில் நின்றிருக்கிறது. உள்ளே கர்ப்பப்பையும் சினைப்பையும் தம்பாட்டில் வளர்ந்துவிட்டன.

இதில் உயிருக்கு ஆபத்து வெளியே தெரியும் உறுப்பால் வருவதில்லை. பன்னிரண்டாம் நாள் நீங்கள் பார்த்தீர்களே, அந்த உப்பு இழப்பால்தான் வருகிறது. கார்டிசாலுக்கு ஈடாக ஹைட்ரோகார்டிசோன் ஒரு நாளைக்கு மூன்று வேளை. வாழ்நாள் முழுக்க. உப்பைப் பிடித்து வைக்க ஃப்ளூட்ரோகார்டிசோன் மாத்திரை. கூடவே முதல் வருடம் முழுக்கச் சாதாரணச் சமையல் உப்பு, டாக்டர் சொன்ன அளவில் பாலிலோ தண்ணீரிலோ கரைத்து. இங்கேதான் தகராறு வரும். ஒரு வயதுவரை குழந்தைக்கு உப்பே காட்டக் கூடாது என்று ஊர் முழுக்கச் சொல்லும், நாங்களும் மற்ற அம்மாக்களுக்கு அதைத்தான் சொல்கிறோம். உங்கள் பாப்பாவுக்கு அந்த விதி பொருந்தாது. மாமியார் உப்பை நிறுத்தினால், பரிவால்தான் நிறுத்துவார், ஆனால் குழந்தை மறுபடி ஐசியூவுக்குப் போகும். அதேபோல் மருந்துக் கடைக்காரரோ பக்கத்து வீட்டு அக்காவோ சீட்டைப் பார்த்துவிட்டு "ஐயோ, ஸ்டீராய்டா? பிஞ்சுக்கா?" என்பார்கள். உடம்பு தானே செய்ய வேண்டியதைச் செய்யவில்லை, அதை நாம் வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான். ஒரு வேளைகூட விடாதீர்கள். மாத்திரையை உடைத்துப் பொடித்துக் கொடுக்கும்போது கரண்டியில் ஒட்டியிருப்பதையும் கழுவி ஊட்டுங்கள். பிஞ்சுக்கு அந்தத் தூள்கூடக் கணக்கு.

காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டினால் ஹைட்ரோகார்டிசோனை இரண்டு மூன்று மடங்காக்க வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்கவில்லையென்றால் தொடையில் ஊசி போட்டுவிட்டு அப்புறம் ஆட்டோவைக் கூப்பிட வேண்டும். எத்தனை மில்லி என்று உங்கள் டாக்டர் ஒரு அட்டையில் எழுதித் தரட்டும். 'அட்ரினல் குறைபாடு உள்ள குழந்தை, ஸ்டீராய்டை நிறுத்தாதீர்கள்' என்று பெரிய எழுத்தில் எழுதி டயப்பர் பைக்குள் ஒன்று, கணவரின் பர்ஸுக்குள் ஒன்று. திருவிழாவுக்கு அம்மா வீட்டுக்குப் போன இடத்தில் பேதி வந்து, பார்த்த டாக்டருக்கு விஷயம் தெரியாமல் போனால், அந்த அட்டைதான் பேசும்.

சரி, ஆபரேஷனுக்கு வருகிறேன்.

அந்த சர்ஜன் 'சரிபண்ணுவது' என்று சொன்னதில் பொதுவாக என்னென்ன அடங்கும் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். முன்னால் நீட்டியிருக்கும் கிளிட்டோரிஸை அறுத்துச் சிறிதாக்குவது ஒன்று. பின்னாளில் ஒரு பெண்ணுக்கு உடலுறவில் இன்பம் தருவது முக்கியமாக அந்த இடம்தான். ஆயிரக்கணக்கான நரம்பு நுனிகள் அங்கே இருக்கின்றன. கைதேர்ந்தவர் செய்தாலும் உணர்ச்சி குறையவோ, வடு நிரந்தரமாக வலிக்கவோ வாய்ப்பு உண்டு. இரண்டாவது, சிறுநீர்ப் பாதையோடு சேர்ந்திருக்கும் பிறப்புறுப்பு வழியைப் பிரித்துத் திறப்பது. குழந்தையில் செய்தால் வளர வளர அது சுருங்கும். பருவ வயதில் மறுபடி கத்தி வைக்க வேண்டி வருவது சகஜம். சில இடங்களில் சுருங்காமலிருக்க வீட்டிலேயே கருவி நுழைத்து விரிக்கச் சொல்லுவார்கள். சொந்தக் குழந்தைக்கு அதைச் செய்ய வேண்டிய தாயை யோசித்துப் பாருங்கள். ஞாபகம் இருக்காது என்கிறார். ஆபரேஷன் நாள் ஞாபகம் இருக்காதுதான். உடம்பு அப்புறமும் அவளோடுதானே இருக்கப்போகிறது!

இந்த 'சீக்கிரம் செய்துவிட்டால் மறந்துவிடும்' என்ற எண்ணம் எங்கள் தொழிலுக்குள் எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் நானும் அதைப் படித்துத்தான் பாஸ் பண்ணினேன். 1950-களில் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஜான் மணி என்ற உளவியலாளர் இருந்தார். குழந்தை பிறந்து ஒன்றரை இரண்டு வருடத்துக்குள் ஆணாகவோ பெண்ணாகவோ எப்படி வளர்த்தாலும் அப்படியே வளரும், உறுப்பை மட்டும் அதற்கேற்ப வெட்டிச் சீராக்கிவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. அவருக்குச் சான்றாக ஒரு குழந்தை கிடைத்தது. கனடாவின் வின்னிபெக் நகரத்தில் 1965-இல் பிறந்த இரட்டை ஆண் குழந்தைகளில் ஒன்று. கைக்குழந்தையாக இருந்தபோது சுன்னத் செய்கையில் மின்கருவி சுட்டு ஆணுறுப்பே போய்விட்டது. மணி சொன்ன யோசனைப்படி, 22 மாதத்தில் விதைகளையும் எடுத்துவிட்டுப் பெண்ணாக வளர்த்தார்கள். அமோக வெற்றி என்று மணி எழுதினார். உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் ஏறியது. வீட்டில் நடந்தது வேறு. அந்தக் குழந்தை பாவாடையைக் கிழித்தெறிந்தது, பள்ளியில் கேலிப்பொருளானது. 14 வயதில் உண்மை தெரிந்ததும் ஆணாகத் திரும்பி, டேவிட் ரைமர் என்ற பெயரில் வாழத் தொடங்கினார். மில்டன் டைமண்ட் என்ற ஆய்வாளரும், டேவிட்டுக்குச் சிகிச்சை பார்த்த மனநல மருத்துவர் ஒருவரும் 1997-இல் இதை வெளியே சொன்ன பிறகுதான் மருத்துவ உலகம் விழித்தது. 2004-இல், 38 வயதில், டேவிட் தற்கொலை செய்துகொண்டார்.

டேவிட் இடைபாலினத்தவர் இல்லை, அதாவது ஆண், பெண் என்று சட்டெனப் பிரித்துச் சொல்ல முடியாத உடலமைப்போடு பிறந்தவர் இல்லை. உங்கள் பாப்பாவின் கதையும் அது இல்லை. ஆனால் அந்தக் குழந்தையை முக்கியச் சான்றாகக் காட்டி உலகெங்கும் இடைபாலினக் குழந்தைகளுக்குத் தொட்டிலிலேயே கத்தி வைப்பது நியாயமாக்கப்பட்டது. அந்தப் பாடம்தான் எங்கள் வார்டுக்கும் வந்தது.

1990-களின் நடுவில் நான் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஊரையும் மருத்துவமனையையும் சொல்லவில்லை. உங்கள் பாப்பாவைப் போன்ற ஒரு பத்து மாதக் குழந்தைக்கு ஆபரேஷன் நடந்தது. முடிந்ததும் அதன் அம்மாவிடம் பேசும் வேலை எனக்குக் கொடுக்கப்பட்டது. "பெரியவளானதும் கேட்டால் என்ன சொல்லட்டும்?" என்று அவர் கேட்டார். "குடலிறக்க ஆபரேஷன்னு சொல்லுங்க" என்றேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானாகத்தான் சொன்னேன். நல்ல யோசனை என்று பெருமைகூட. இருபது வருடம் கழித்து, அதே மாதிரி வேறொரு பெண் என் ஓ.பி.க்கு வந்தாள். இருபத்திரண்டு வயது, கல்லூரி முடித்தவள். கையில் ஒரு பழைய மஞ்சள் பை, அதற்குள் சீட்டு எதுவும் இல்லை. "எனக்குச் சின்ன வயசுல குடலிறக்க ஆபரேஷன் பண்ணாங்களாம். குடலிறக்கத்துக்கு ஏன் மேடம் அங்க தழும்பு?" என்றாள். எந்த மருத்துவமனை என்று கேட்டுப் பழைய கேஸ் ஷீட்டுக்கு ஆள் அனுப்பினோம். அழித்துவிட்டார்களாம். எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று தெரியாமலே அவளுக்கு வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தது. அவளுக்கு அந்தப் பொய்யைச் சொன்னது நான் இல்லை. என்னைப் போல இன்னொருவர்.

எதிர்த்தரப்பையும் மறைக்க மாட்டேன். சிஏஹெச் உள்ள பெண்களில், சின்ன வயதிலேயே செய்தது நல்லதுதான் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். மனசாட்சியோடு அப்படி நினைக்கும் நல்ல சர்ஜன்களும் இருக்கிறார்கள், அவர்களோடு மாநாடுகளில் நான் மல்லுக்கு நின்றிருக்கிறேன். எக்ஸ்எக்ஸ் குரோமோசோம் கொண்ட சிஏஹெச் குழந்தைகளை இடைபாலினம் என்ற சொல்லுக்குள் கொண்டுவரவே கூடாது என்று வாதிடும் பெற்றோரும் உண்டு. நான் இந்தப் பக்கம் நிற்பதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. காத்திருந்த பெண் பதினெட்டு வயதில் "எனக்கு வேண்டும்" என்றால் செய்துகொள்ளலாம். வெட்டப்பட்ட பெண் "எனக்கு வேண்டாமே" என்றால் திருப்பித் தர என்னிடம் எதுவும் இல்லை. 2020-இல் சிகாகோவின் பெரிய குழந்தைகள் மருத்துவமனை ஒன்று, இதுவரை இப்படிச் செய்த அறுவை சிகிச்சைகளால் நேர்ந்த துன்பத்துக்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. எங்கள் தொழிலில் மன்னிப்பு என்பது எவ்வளவு அரிது என்று உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அறுவை சிகிச்சையே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிறுநீர் தடைப்பட்டாலோ, திரும்பத் திரும்பத் தொற்று வந்தாலோ அதற்குரியதைச் செய்துதான் ஆக வேண்டும். பருவமடையும்போது மாதவிலக்கு வெளியேற வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதை இப்போதே டாக்டரிடம் கேட்டு வையுங்கள். அப்போது அவளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. படம் வரைந்து காட்டினால் புரியும், கேள்வி கேட்பாள், வேண்டும் வேண்டாம் சொல்வாள். இன்னொன்று, மாத்திரை ஒழுங்காகப் போனால் அந்த நீட்சி மேற்கொண்டு வளராது. உடம்பு வளர வளரக் கொஞ்சம் சிறிதாகவும் தெரியலாம். ஆறாவது மாதத்தில் டயப்பர் மாற்றும்போது உங்களுக்கே வித்தியாசம் தெரியக்கூடும்.

சட்டத்துக்கு வருவோம். அந்த சர்ஜன் அரசாணை என்று சொன்னது உண்மைதான். அது வந்த விதம் விசித்திரமானது. தூத்துக்குடியில் ஒரு கோயிலில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் கல்யாணம் செய்துகொண்டார்கள். பதிவு செய்ய அலுவலகம் மறுத்தது. சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வழக்குப் போனது. 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அந்தத் திருமணம் செல்லும் என்றார். அதோடு நிற்கவில்லை. மதுரையைச் சேர்ந்த கோபி ஷங்கர் என்ற இடைபாலின உரிமைச் செயல்பாட்டாளரின் பணியைக் குறிப்பிட்டு, பச்சிளம் குழந்தைகளுக்கு இத்தகைய அறுவை சிகிச்சைகளைத் தடைசெய்ய அரசுக்கு உத்தரவிட்டார். பெற்றோரின் சம்மதத்தைக் குழந்தையின் சம்மதமாகக் கொள்ள முடியாது என்பது தீர்ப்பில் உள்ள கருத்து. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர வேறெதற்கும் கூடாது. அந்த ஆபத்து உண்டா என்பதையும் ஒரே டாக்டர் முடிவு செய்ய முடியாது, ஒரு குழு பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் மால்டா என்ற குட்டித் தீவு நாடு 2015-இல் இப்படிச் சட்டம் போட்டது. இந்தியாவில் முதலில் போட்டது நம் மாநிலம்.

இந்த அரசாணை தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான். வாளையாறு தாண்டினால் செல்லாது. அந்த ஓட்டையில்தான் உங்களை அனுப்பப் பார்க்கிறார்கள். இங்கே செய்யக் கூடாது என்று தெரிந்தே, வேறு இடத்துக்குப் பெட்டியைக் கட்டச் சொல்லும் டாக்டரிடம் நான் மூன்று கேள்வி கேட்பேன், நீங்களும் கேளுங்கள், முடிந்தால் எழுத்தில். பத்து வருடம் காத்திருந்தால் குழந்தையின் உடல்நலத்துக்கு என்ன கெடுதல்? உங்கள் கையால் செய்த குழந்தைகளில் இப்போது இருபது வயது தாண்டியவர்கள் எத்தனை பேரைத் தொடர்ந்து பார்க்கிறீர்கள்? அவர்களுக்கு உணர்ச்சி எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்களா? மூன்றாவது கேள்விக்கு முகம் சுளித்தால் நீங்கள் எழுந்து வந்துவிடலாம்.

மாமியார் சொல்வதைக் கேட்டுக் கோபப்படாதீர்கள். ஆண்பிள்ளை ஆசை எல்லா வீட்டிலும் உண்டு, எங்கள் வீட்டிலும் இருந்தது. அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: உள்ளே கர்ப்பப்பை இருக்கிறது, சினைப்பை இருக்கிறது. ஆணாக்க வேண்டுமென்றால் நல்ல நிலையில் இருக்கும் அவற்றை எடுக்க வேண்டும், அப்புறமும் விதை வராது, வாரிசும் வராது. எடுக்காமல் சட்டை போட்டு வளர்த்தால் பன்னிரண்டு வயதில் மாதவிலக்கு வந்து நிற்கும். அப்படி விஷயம் தெரியாமல் வளர்க்கப்பட்ட ஒரு பையனை வார்டில் பார்த்திருக்கிறேன். சிறுநீரில் ரத்தம் வருகிறது என்று அழைத்து வந்தார்கள். கல் அடைப்பு என்று நினைத்திருந்தார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் தெரிந்தது. அந்தத் தாத்தாவின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பெண்ணாக வளருங்கள். அதற்குக் கத்தி தேவையில்லை, பெயரும் கவுனும் போதும். சிஏஹெச் உள்ள எக்ஸ்எக்ஸ் குழந்தைகளில் பெரும்பாலோர் வளர்ந்ததும் தங்களைப் பெண்ணாகத்தான் உணர்கிறார்கள். சிலர் அப்படி உணர்வதில்லை. உங்கள் மகள் மரம் ஏறலாம், கிரிக்கெட் ஆடலாம், பொம்மையைத் தொடாமலே போகலாம். அதை வைத்து ஒன்றும் முடிவு கட்டாதீர்கள். பதினைந்து வயதில் அவள் வேறு மாதிரிச் சொன்னால் அப்போது காது கொடுங்கள். பிறப்பைப் பதிவு செய்துவிட்டீர்களா? 21 நாளுக்குள் செய்திருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் தாமதமாகவும் பதியலாம், உடனே போங்கள். பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதனால் பெயருக்கு ஓடவேண்டியதில்லை.

நாத்தனார் கேட்டதற்குப் பதில்: இல்லை. திருநங்கை என்பவர், ஆண் என்று பிறப்பில் எழுதப்பட்டு, மனதளவில் தன்னைப் பெண்ணாக உணர்பவர். அது மனம் சார்ந்த அடையாளம். பாப்பாவினுடையது உடம்பின் அமைப்பு சம்பந்தப்பட்டது. இடைபாலினம் என்கிறோம், ஊடுபால் என்றும் இப்போது எழுதுகிறார்கள். அதற்குள்ளேயே பல வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு, அதனால் இணையத்தில் இன்னொருவர் கதையைப் படித்து உங்கள் பாப்பாவுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். திருநங்கை, இடைபாலினம் இரண்டு சொல்லும் வசைச்சொல் கிடையாது என்பதையும் நாத்தனாருக்குச் சொல்லிவிடுங்கள்.

சொந்தத்தில் கட்டியதால் வந்ததா? நேரடியாகச் சொல்கிறேன். இந்தக் கோளாறு வர அப்பா, அம்மா இருவரிடமும் அந்த மரபணுவின் பழுதான பிரதி ஒன்று இருக்க வேண்டும். ஒரே தாத்தா பாட்டி வழி வந்தவர்கள் என்றால் இருவரிடமும் அது இருக்க வாய்ப்பு அதிகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சில நகரங்களில் பிறந்த குழந்தைகளுக்குச் சோதனை நடத்தியபோது, சராசரியாக 5,762 பேரில் ஒருவருக்கு சிஏஹெச் இருந்தது. சென்னையில் மட்டும் சுமார் 2,000 பேருக்கு ஒருவர். சொந்தத்தில் கட்டும் பழக்கம் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் முன்பின் தெரியாத இருவர் கட்டிக்கொண்ட வீட்டிலும் இது வருகிறது. உங்கள் குற்றமும் இல்லை, அத்தை மகன் குற்றமும் இல்லை. கிரகணத்தில் வெளியே போனதால் வந்தது என்று யாராவது இந்நேரம் சொல்லியிருப்பார்கள், அதுவும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டியது, அடுத்த ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதனால் அடுத்த குழந்தைக்கு முன்பே மரபணு ஆலோசனைக்குப் போய்விடுங்கள்.

கல்யாணம், குழந்தை. சிஏஹெச் உள்ள பெண்கள் கல்யாணம் செய்திருக்கிறார்கள், பிள்ளை பெற்றிருக்கிறார்கள். மாத்திரையை ஒழுங்காக எடுத்தவர்களுக்கு வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. 52 நாள் குழந்தைக்கு இதற்கு மேல் ஜாதகம் எழுத எனக்குத் தெரியாது.

ஊர் கேட்டால்: "குழந்தைக்கு ஹார்மோன் குறைபாடு, மாத்திரை சாப்பிட்டால் நன்றாக இருப்பாள்." இதில் பொய் ஒன்றும் இல்லை. ஊருக்கு இவ்வளவு போதும். டயப்பர் மாற்றும் நெருங்கிய இரண்டு மூன்று பேருக்கு மட்டும் முழுசாகச் சொல்லுங்கள், கிசுகிசுக்காமல் சாதாரணக் குரலில். நீங்கள் எந்தக் குரலில் சொல்கிறீர்களோ அதே குரலில்தான் அவர்கள் வெளியே பேசுவார்கள். ஆஸ்பத்திரியில் மாணவர்கள் பத்துப் பேர் கட்டிலைச் சுற்றி நின்று துணியை விலக்கிப் பார்க்க வந்தால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. போட்டோ எடுக்கவும் விடாதீர்கள். அடிக்கடி விலக்கிப் பார்க்கப்பட்டதுதான் ஆபரேஷனைவிட வலித்தது என்று வளர்ந்தவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

பாப்பாவிடமும் சொல்ல வேண்டும். ஒருநாள் உட்கார வைத்து ரகசியத்தை உடைப்பது மாதிரி வேண்டாம். மூன்று வயதில் "இது உன் உப்பு மாத்திரை" என்று தொடங்குங்கள். ஆறு வயதில் குளிக்கும்போது ஏன் எனக்கு இப்படி என்று கேட்டால், வயிற்றுக்குள் இருந்தபோது ஒரு ஹார்மோன் கூடிவிட்டது, அதனால் கொஞ்சம் வேறு மாதிரி என்று சொல்லுங்கள். எட்டு பத்து வயதில் கர்ப்பப்பை, குரோமோசோம் எல்லாம் சொல்லலாம். எல்லா சீட்டுகளையும், அந்த முதல் ஸ்கேன் உள்பட, ஒரு கோப்பில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். அது அவளுடையது.

கடைசியாக உங்கள் கணவர். பேசாமல் இருக்கும் அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார வைத்து ஆறுதல் சொன்னால் இன்னும் இறுகிப் போவார்கள், கையில் வேலை கொடுத்தால் இளகுவார்கள். ஊசி போடும் பொறுப்பை அவருக்குக் கொடுங்கள். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவரையும், முடிந்தால் மாமியாரையும் அழைத்துப் போங்கள். மருந்துப் பொடியில் தண்ணீர் கலப்பது, சிரிஞ்சில் இழுப்பது, காற்றைத் தட்டி வெளியேற்றுவது, எல்லாம் நர்ஸ் அரைமணி நேரத்தில் சொல்லித் தருவார். போகிற வழியில் இரண்டு சாத்துக்குடி வாங்கிக்கொள்ளுங்கள். தோல் கொஞ்சம் தடிப்பாக இருக்கட்டும், குத்திப் பழக அதுதான் தோது.